ஹெல்பர், செக்கிங் வேலையிலிருந்து மேலே போக எந்தப் பயிற்சி உதவும்? (திருப்பூர்)

#1 மாலைவகுப்பு
வணக்கம். அவிநாசி ரோடு பக்கம் தொழிற்சங்க அறை ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைக்கிறது. பனியன் கம்பெனிகளில் கைமடி, அடுக்கிக் கட்டுதல், செக்கிங், டேமேஜ் பீஸ் பிரித்தல், லோடிங் பார்க்கும் சுமார் 30 பேர் படிக்கத் தயார். பாதிப் பேர் எட்டாவதோடு நின்றவர்கள். நாலைந்து பேர் பத்தாவதில் கணக்கிலோ ஆங்கிலத்திலோ விழுந்தவர்கள். எல்லோருக்கும் தினம் ஒன்றரை ஷிப்ட், அதனால் வார நாளில் வகுப்பு நடக்காது. கம்ப்யூட்டர், டேலி, ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கூலி உண்மையிலேயே கூடுவதற்கு எதில் கை வைக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நொய்யல்கரை
தோழர், எந்தப் பயிற்சி என்பதிலிருந்து தொடங்காதீர்கள். 5 கிலோமீட்டருக்குள் எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள், அதற்கு என்ன கூலி, அந்த ஆளிடம் முதல் நாள் என்ன கேட்பார்கள் என்று பத்து கம்பெனி கேட்டில் விசாரியுங்கள். அப்புறம் பாடம்.

சான்றிதழ்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சட்டப்படி அந்தத் தாள் இல்லாமல் வேலையைத் தொடவே கூடாது என்பது முதல் ரகம்: வயர்மேன், பாய்லர், கனரக ஓட்டுநர் உரிமம். கூலி கூடுவது பெரும்பாலும் இதில்தான், ஏனென்றால் முதலாளிக்கே அந்தத் தாள் வேண்டும். அடுத்த ரகம் இன்னொரு படிப்புக்குக் கதவு திறப்பவை: எட்டாவது, பத்தாவது, ஐடிஐ. மீதி எல்லாம் பீரோவில் வைப்பதற்கு.

மத்திய அரசின் பிஎம்கேவிஒய் என்ற திறன் பயிற்சித் திட்டத்தில் முன்அனுபவத்தை அங்கீகரித்து ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். சில நாள் அறிமுக வகுப்பு, ஒரு மதிப்பீடு, தேறியவருக்கு 500 ரூபாய். தையல்காரர் சான்றிதழோடு அதே மெஷினுக்குத்தான் திரும்பிப் போனார். கூலி ஒப்பந்தத்தில் அந்தத் தாளுக்கென்று ஒரு வரியும் இல்லையே, யார் கூட்டிக் கொடுப்பார்கள்? சங்கம் பேச வேண்டிய இடம் அது.

#3 கிளாம்ப்மீட்டர்
முதல் ரகத்தில் எளிதாகக் கைக்கு எட்டுவது மின்கம்பியாள் (வயர்மேன்) உதவியாளர் தகுதிகாண் தேர்வு. பேச்சில் 'ஹெச்' சான்று. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிக்கும், செய்முறை அரசு ஐடிஐக்களில் நடக்கும். விண்ணப்பிக்கும்போது 21 வயது முடிந்திருக்க வேண்டும், மேல் வயது வரம்பு கிடையாது. வயரிங் வேலையில் 5 வருடத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும். கூடவே தொழிற்பயிற்சி நிலைய மாலை நேர வகுப்பில் கம்பியாள் பிரிவு முடித்ததற்கோ, அறிவிப்பில் அதற்கு ஈடாகச் சொல்லியிருக்கும் பயிற்சிக்கோ சான்று கேட்பார்கள்.

இதற்கு மேலே வயர்மேனுக்கு 'பி', சூப்பர்வைசருக்கு 'சி'. ஒப்பந்ததாரர் உரிமம் வாங்க இந்தச் சான்றுள்ள ஆட்களைக் கணக்குக் காட்டியாக வேண்டும், அதனால்தான் கிராக்கி. ஒரு எச்சரிக்கை. சான்றை மட்டும் வாடகைக்குக் கேட்டு வருவார்கள், மாதம் இவ்வளவு தருகிறேன் என்பார்கள். கொடுக்கக் கூடாது. அந்தக் கட்டடத்தில் யாருக்காவது ஷாக் அடித்தால் விசாரணையில் வருவது சான்றுக்காரர் பெயர்.

செய்முறையில் கைத்திறன் உள்ளவர்களே விழுவது இரண்டு இடங்களில். முதலாவது மாடிப்படி விளக்கு. ஃபேஸ் முதல் டூ-வே ஸ்விட்சின் பொதுமுனைக்கு, இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவே இரண்டு கம்பி, இரண்டாவது ஸ்விட்சின் பொதுமுனையிலிருந்து விளக்கு, நியூட்ரல் நேராக விளக்குக்கு. பழக்க தோஷத்தில் நியூட்ரலை ஸ்விட்ச் வழியாகக் கொண்டு போகிறார்கள். விளக்கு என்னவோ எரியும், ஆனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும்.

இரண்டாவது மெக்கர், அதாவது கம்பியின் இன்சுலேஷன் சரியா என்று பார்க்கும் மீட்டர். 500 வோல்ட் மெக்கர், மெயின் ஆஃப். கம்பிக்கும் எர்த்துக்கும் பார்க்கும்போது ஃபேஸும் நியூட்ரலும் சேர்த்துக் கட்டி, ஸ்விட்சுகள் எல்லாம் ஆன். கம்பிக்கும் கம்பிக்கும் பார்க்கும்போது விளக்கு, ஃபேன், மற்ற எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றாமல் பார்த்தால் ரீடிங் கிட்டத்தட்ட பூஜ்யம், "வயரிங்கில் ஷார்ட்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 1 மெகாஓமுக்கு மேல் இருந்தால் சரி.

#4 மாலைவகுப்பு
நன்றி அண்ணா. எங்கள் ஆட்களில் இரண்டு பேர் முன்பு வயரிங் கான்ட்ராக்டரிடம் ஹெல்பராக இருந்தவர்கள். அனுபவத்துக்கு எழுத்தில் எதுவுமே இல்லையே?

#5 கிளாம்ப்மீட்டர்
அதில்தான் பாதி விண்ணப்பம் திரும்பும். "எங்களிடம் நன்றாக வேலை செய்தார்" என்று நாலு வரி எழுதினால் செல்லாது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, என்ன வேலை (உதவியாளர் என்று மொட்டையாக இல்லாமல் மின் வயரிங் உதவியாளர் என்று), எந்த மாதிரிக் கட்டடங்கள், கொடுப்பவரின் ஒப்பந்ததாரர் உரிம எண், முத்திரை. இவ்வளவும் வேண்டும். உரிமமே இல்லாத மேஸ்திரி கொடுக்கும் கடிதத்துக்கு மதிப்பில்லை. பி.எஃப். பாஸ்புக் இருந்தால் இணைக்கலாம், கம்பெனி பெயரும் மாதங்களும் அதில் இருக்கும். என்ன வேலை பார்த்தார் என்பது இருக்காது, அதனால் அது கடிதத்துக்குத் துணைதான்.

#6 பவர்டேபிள்
எல்லோரும் லைன் (தையல் மெஷின் வரிசை) சூப்பர்வைசர் ஆக்குகிறேன் என்று பயிற்சி நடத்துகிறார்கள். திருப்பூர் கணக்கே வேறு. பவர் டேபிளில் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு தையல் கூடம்) பீஸ் ரேட்டுக்கு ஓட்டும் ஓவர்லாக் (ஓரம் அடிக்கும் மெஷின்) டெய்லர் சீசனில் வாரம் எடுக்கும் பணம் மாதச் சம்பள சூப்பர்வைசருக்குக் கனவில்தான் வரும். அப்புறம் யார் சூப்பர்வைசர் ஆகப் போகிறார்கள்? ஹெல்பருக்கு அடுத்த படி மெஷின்தான். ஞாயிறு வகுப்பில் இரண்டு மெஷின் போடுங்கள், ஒரு ஓவர்லாக், ஒரு சிங்கர் (ஒற்றை ஊசி நேர்த்தையல் மெஷின்). போதும்.

#7 லைன்மாஸ்டர்
பவர்டேபிள் சொல்வது சீசனுக்குச் சரி. ஆர்டர் இல்லாத மாதங்களில் பீஸ் ரேட் ஆளுக்கு வாரம் மூன்று நாள் வேலை, பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. 45 வயதுக்கு மேல் கண்ணும் இடுப்பும் அந்த வேகத்துக்கு வராது. பிள்ளை பள்ளி வயதில் இருக்கும் குடும்பத்துக்கு நிலையான மாதச் சம்பளத்தின் அருமை தெரியும்.

ஆனால் ஹெல்பர் நேரே சூப்பர்வைசர் ஆவது நடக்காத காரியம், அதில் உங்கள் கட்சிதான். மெஷின் கற்றுக்கொடுப்பதாக இருந்தால் எதற்குப் பின் எது என்ற வரிசை முக்கியம். முதல் இரண்டு ஞாயிறு நூலே கோர்க்கக் கூடாது. தாளில் நேர்கோடு, வளைவு, சதுர மூலை வரைந்து கொடுத்து வெறும் ஊசியில் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்லுங்கள். பெடலில் கால் அடங்குவது அதில்தான். பிறகு நூல். மூன்று நூல் ஓவர்லாக்கில் இரண்டு லூப்பரையும் (ஊசி நூலோடு நூலைப் பின்னும் கொக்கி) கோர்த்த பிறகு கடைசியாக ஊசி. ஊசியை முதலில் கோர்த்துவிட்டுக் கீழ் லூப்பரைக் கோர்த்தால் தையல் விழாது, நூல் அறுந்துகொண்டே இருக்கும். புதியவர் நூல் டென்ஷன் திருகைத் திருகித் திருகி மெஷினையே கெடுத்துவிடுவார். சிங்கிள் ஜெர்சிக்கு (மெல்லிய டி-ஷர்ட் துணி) 9 அல்லது 11 நம்பர் பால் பாயின்ட் ஊசி. கூர்முனை ஊசி போட்டால் துவைத்த பிறகு தையல் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டுவதையும் அங்கேயே பழக்குங்கள். ஏற்றுமதிக் கம்பெனியில் அது தெரிந்தவருக்கு மரியாதையே தனி.

#8 பவர்டேபிள்
நான் சொன்னதைத்தானே நீட்டி எழுதியிருக்கிறீர்கள் :) பயிற்சிக்கு அறுந்த கழிவுத் துணி கிலோ கணக்கில் கிடைக்கும், புதுத் துணி வாங்க வேண்டாம். கழிவிலும் ரிப் (கழுத்துப் பட்டிக்கு வைக்கும் இழுபடும் துணி), ஜெர்சி, ஃப்ளீஸ் (தடித்த துணி) மூன்றும் கலந்து எடுங்கள். ஜெர்சியில் மட்டும் பழகிய கை கழுத்து ரிப்பை இழுத்துத் தைத்துவிடும், கழுத்து அலை அலையாக நிற்கும்.

#9 லைன்மாஸ்டர்
செக்கிங்கில் இருப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முப்பது பேரில் மிக விரைவாக மேலே வரக்கூடியவர்கள் அவர்கள்தான், கண் ஏற்கெனவே பழகியிருக்கிறது. செக்கிங்குக்கும் க்யூ.சி.க்கும் (தரக் கட்டுப்பாடு) நடுவே நிற்பது மூன்று விஷயம்: டேப், மாதிரி எண்ணிக்கை, எழுத்து.

டேப் பிடிக்கத் தெரியும் என்பார்கள். எட்டில் மூன்று அங்குலத்தைக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். பின்னம் தெரியாததுதான் காரணம், அந்த ஐந்தாம் வகுப்புக் கணக்கை மறுபடி சொல்லித்தர வேண்டும். வெட்கப்படாமல் இருக்க டேப்பையே பாடப்புத்தகம் ஆக்குங்கள். 1 அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்பதை வைத்து இரண்டு பக்கமும் மாற்றப் பழக்குங்கள். மார்பளவு அக்குளுக்கு 1 அங்குலம் கீழே, துணியை மேஜையில் இழுக்காமல் பரப்பி எடுப்பது. ஒரே பீஸை ஐந்து பேர் அளந்து ஐந்து அளவு வந்தால் எங்கே தப்பு என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அநேகமாக யாரோ துணியை இழுத்திருப்பார்கள்.

மாதிரி எண்ணிக்கை: 1201 முதல் 3200 பீஸ் வரையுள்ள லாட்டுக்குச் சாதாரண ஆய்வில் 125 பீஸ் எடுக்க வேண்டும். ஏ.க்யூ.எல். (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5 என்றால் பெரிய குறை 7 வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். சிறிய குறைக்கு 4.0 வைத்தால் 10 வரை பாஸ், 11 ஃபெயில். 501 முதல் 1200 வரை 80 பீஸ், 2.5க்கு 5 பாஸ், 6 ஃபெயில். அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, படிக்கத் தெரிந்தால் போதும். பெரும்பாலோர் தவறுவது எண்ணிக்கையில் இல்லை, எடுக்கும் இடத்தில். மேலே இருக்கிற நாலு பெட்டியிலிருந்தே 125ஐயும் எடுத்துவிடுகிறார்கள். எல்லா அளவு, எல்லா நிறம், அடிப்பெட்டி உட்பட எடுக்க வேண்டும்.

துணி ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) பார்ப்பதும் இதோடு சேரும். வட்டக் கட்டர் வெட்டும் துண்டு 100 சதுர சென்டிமீட்டர், எடை 1.80 கிராம் என்றால் 180 ஜி.எஸ்.எம். ஒரே இடத்தில் வெட்டாமல் ஓரம் தவிர்த்து ஐந்து இடங்களில் வெட்டிச் சராசரி எடுங்கள். காம்பேக்டிங் (துணி பின்னால் சுருங்காமலிருக்க நீராவியில் அழுத்துவது) முடிந்த சூட்டோடோ ஈரத்தோடோ எடை போட்டால் கணக்கு பொய்.

#10 நொய்யல்கரை
எழுத்து என்றீர்களே, அதை விளக்குங்கள். ஆங்கிலமா?

#11 லைன்மாஸ்டர்
ஸ்போக்கன் இங்கிலீஷ் இல்லை சார். ரிப்போர்ட்டில் வருவது அறுபது எழுபது சொல்தான். ஸ்கிப் ஸ்டிச், ஓப்பன் ஸீம், ஆயில் ஸ்டெயின், ஷேட் வேரியேஷன், பக்கரிங், இப்படிக் குறைகளின் பெயர்கள். அவற்றைப் பார்த்து எழுதவும் படிக்கவும் பழக்கினால் ரிப்போர்ட் நிரப்பிவிடலாம். ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசரின் மெயிலில் வரும் அளவுப் பட்டியலைப் படிக்க முடிந்தாலே பாதி வேலை தீர்ந்தது. எட்டு வாரம் போதும். இன்னொரு மொழி பயன்படும் என்றால் அது இந்தி. லைனில் பீகார், ஒடிசா ஆட்கள் பாதிக்கு மேல் நிற்கும் இடத்தில் அவர்களிடம் குறையைச் சொல்லி விளக்கத் தெரிந்த செக்கிங் பெண்ணை யாரும் செக்கிங்கிலேயே விட்டுவைக்க மாட்டார்கள்.

சூப்பர்வைசர் ஆக விரும்பும் டெய்லர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. 20 ஆபரேட்டர், 480 நிமிடம், பீஸுக்கு எஸ்.எம்.வி. (ஒரு பீஸ் தைக்க நிர்ணயித்த நேரம்) 8 நிமிடம், லைன் திறன் 55 சதவீதம். 480ஐ 20ஆல் பெருக்கி, 0.55ஆல் பெருக்கி, 8ஆல் வகுத்தால் 660 பீஸ். மணிக்கு 82 சொச்சம். இதை எல்லாரும் போட்டுவிடுகிறார்கள். அடுத்த கேள்வியில்தான் தங்குகிறார்கள்: கழுத்து ரிப் வைக்க 0.9 நிமிடம், அந்த ஆள் திறன் 60 சதவீதம், மணிக்கு எத்தனை வரும்? 40தான். ஆக அங்கே ஒருவரை உட்கார வைத்துவிட்டு 82 கேட்டுக் கத்தினால் நடக்காது, இரண்டு பேர் வேண்டும், அதிலும் கொஞ்சம் இழுக்கும். இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டத் தெரிந்தவர் சத்தம் போடாமல் லைன் நடத்துவார்.

#12 டிரேடுவாத்தியார்
எட்டாவதோடு நின்றவர்களுக்கு ஐடிஐ முழுசாக மூடிய கதவு இல்லை. வெல்டர், பிளம்பர் ஒரு வருடம், வயர்மேன் இரண்டு வருடம், மூன்றுக்கும் எட்டாவது போதும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டருக்குப் பத்தாவது. அரசு ஐடிஐயில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு மேல் வயது வரம்பே இல்லை. கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் உண்டு. ஆனால் பகலில் வர வேண்டும். குடும்பம் நடத்துபவர் 750 ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதனால் அவருக்குப் பதில் வீட்டில் 18, 20 வயதில் லோடிங் போகும் தம்பியை அனுப்பச் சொல்லுங்கள்.

வேலையை விட முடியாதவருக்குத் தனித்தேர்வர் வழி. 21 வயது, அந்தத் தொழிலிலேயே 3 வருட அனுபவம், அந்த டிரேடுக்கு (தொழிற்பிரிவு) உரிய கல்வித் தகுதி. முதலில் முதனிலைத் தேர்வு, அதில் தேறினால் அகில இந்தியத் தொழிற்தேர்வு. தியரி கணினியில், தேற 33 சதவீதம். செய்முறைக்கு 60 சதவீதம். வெளியில் வேலை பார்த்தவர்கள் செய்முறையில் அசத்திவிட்டு, ஒர்க்‌ஷாப் கணக்கிலும் வரைபடத்திலும் கோட்டை விடுகிறார்கள். வகுப்பு நேரத்தை அந்த இரண்டுக்கும் கொடுங்கள்.

எட்டாவதே இல்லாதவர் இருந்தால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம், ஐந்து பாடம். நேரடியாகப் பத்தாவது எழுதுபவர் அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து வகுப்புக்குப் போக வேண்டும். இதை விட்டுவிட்டுத் தியரிக்குப் பணம் கட்டிவிட்டு வந்து நிற்கிறார்கள். தேர்வறையில் 75 மதிப்பெண்ணுக்கு 20, செய்முறையில் 25க்கு 15 எடுத்தால்தான் 35.

ஐடிஐ முடித்த பிறகும் பாதை உண்டு. எட்டாவது படித்து இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் தமிழ், ஆங்கிலம் எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணைச் சான்று. பத்தாவதும் இரண்டு வருட ஐடிஐயும் இருந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு.

#13 நீராவி
சாயப்பட்டறையிலும் ஸ்டீம் அயர்னிலும் பாய்லர் பக்கம் விறகு தள்ளுபவர்களை விட்டுவிட்டீர்கள். சான்று பெற்ற அட்டெண்டென்ட் இல்லாமல் பாய்லர் ஓடக் கூடாது என்பது சட்டம். 1923 சட்டத்திலும் அப்படித்தான், அதற்குப் பதில் வந்த 2025 சட்டத்திலும் மாறவில்லை. முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு. விறகு தள்ளும் காலத்தையே அனுபவமாகக் காட்ட முடியும், கம்பெனி அந்தப் பெயரில் கடிதம் கொடுத்தால்.

வாய்மொழித் தேர்வில் நிச்சயம் வருவது: கேஜ் கிளாஸில் (பாய்லர் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்) தண்ணீர் தெரியவில்லை, என்ன செய்வீர்கள்? பதறிப்போய் "பம்ப்பைப் போடுவேன்" என்றால் அங்கேயே முடிந்தது. சூடேறி வெறுமையாக நிற்கும் தகட்டில் தண்ணீர் பட்டால் பாய்லர் வெடிக்கும். தீயை அணை, காற்றை நிறுத்து, தண்ணீர் விடாதே, தானாக ஆறட்டும். கேஜ் கிளாஸ் அடைத்திருக்கிறதா என்று ஷிப்டுக்கு ஷிப்ட் ப்ளோ டவுன் செய்து (வால்வைத் திறந்து அழுத்தத்தில் வெளியேற்றி) பார்ப்பது, சேஃப்டி வால்வைத் தூக்கிப் பார்ப்பது, ஃபியூசிபிள் பிளக் (தண்ணீர் குறைந்து சூடேறினால் உருகும் அடைப்பான்) எதற்கு என்று சொல்வது, இவை எல்லாம் தினசரி வேலையிலேயே பழகிவிடும்.

#14 கொடிகாத்தாள்
பெண்களைப் பற்றி யாருமே பேசவில்லை. செக்கிங், கைமடி, டேமேஜ் எல்லாம் பெண்கள்தான். ஞாயிறு அவர்களுக்கு விடுமுறையா? வாரத் துணி, தண்ணீர், சந்தை, பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல். காலை பத்து மணி வகுப்பு என்றால் இரண்டாவது வாரமே கூட்டம் பாதியாகிவிடும். மதியம் இரண்டரை முதல் ஐந்து வரை வையுங்கள். பிள்ளைகளோடு வரலாம் என்று சொல்லி, பக்கத்து அறையில் பார்த்துக்கொள்ள ஒரு அக்காவுக்குச் சம்பளம் கொடுங்கள். பயிற்சிச் செலவில் முதல் தலைப்பு அதுதான், புரொஜெக்டர் இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 2017 திருத்தத்திலிருந்து சட்டம். இருக்கிற கம்பெனியிடம் ஞாயிறு மட்டும் அதைத் திறந்து கேட்டுப் பாருங்கள்.

சம்பளம் சனிக்கிழமை. வகுப்புக்கு ஏதாவது பணம் வாங்குவதென்றால் சனி இரவே வாங்கிவிடுங்கள். திங்கள் கேட்டால் இருக்காது.

#15 டிரேடுவாத்தியார்
கட்டட வேலைக்குப் போகும் குடும்பத்தார் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்குச் சென்னைப் பக்கம் தையூரில் ஒரு வாரப் பயிற்சி நடத்தி, விட்டுப்போன கூலிக்கு ஈடாக நாளுக்கு 800 ரூபாய் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு. பயிற்சிக்கு ஆள் வராததற்குச் சோம்பல் காரணமில்லை, கூலி போவதுதான். பனியன் தொழிலிலும் இப்படி ஒன்றைக் கேட்டால் என்ன?

#16 நொய்யல்கரை
கேட்கலாம், கூலி ஒப்பந்தப் பேச்சின்போது. "பயிற்சி கொடுக்க வேண்டும்" என்று மொட்டையாக எழுதி வாங்காதீர்கள், அது வெறும் வரி. வாரம் இரண்டு மணி நேரம் ஷிப்டுக்குள்ளேயே, கூலியோடு. க்யூ.சி. சோதனையில் தேறியவருக்கு அடுத்த மாதமே வகை மாற்றம், அந்த வகையின் கூலி. சோதனையை யார் வைப்பது, தேறாதவர் மறுபடி எப்போது எழுதலாம் என்பதும் எழுத்தில்.

இன்னும் இரண்டு ஜாக்கிரதை. "அரசு அங்கீகாரம்" என்று போர்டு போட்ட தனியார் நிலையம் ஐடிஐ என்று சொன்னால் எம்.ஐ.எஸ். கோடு (அனுமதி பெற்ற ஐடிஐக்கு உரிய பதிவு எண்) கேளுங்கள், அந்த டிரேடு அந்தக் கோடின் கீழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு டிரேடுக்கு அனுமதி வாங்கிவிட்டு ஐந்து டிரேடுக்குப் பணம் வாங்குவது நடக்கிறது. அடுத்தது, கம்பெனி செலவில் பயிற்சி என்று பாண்டு எழுதச் சொன்னால் தொகையும் காலமும் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். அசல் மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் மட்டும் எந்தக் கம்பெனியிலும் விட்டுவைக்கக் கூடாது, நகல் போதும்.

#17 மாலைவகுப்பு
அனைவருக்கும் நன்றி. செக்கிங்கில் இருக்கும் 11 பேருக்கு க்யூ.சி. பாடம், ஞாயிறு மதியம் இரண்டரை. கைமடிப் பக்கத்தில் ஆசைப்படும் 8 பேருக்கு ஓவர்லாக். வயரிங் அனுபவமுள்ள இருவரும் அந்தக் கான்ட்ராக்டரைப் பார்த்துக் கடிதம் வாங்கப் போகிறார்கள். பத்தாவதில் விழுந்தவர்களுக்கு ஆசிரியர் தேடுகிறோம். ஒரே ஒரு சந்தேகம்: ஓவர்லாக் இரண்டு மெஷினாவது வேண்டும், கையில் ஒன்றுக்குத்தான் பணம். எட்டுப் பேருக்கு ஒரு மெஷின் போதுமா?

#18 பவர்டேபிள்
போதாது, ஆளுக்கு இருபது நிமிடம்கூட வராது. மார்கழி, தை பக்கம் டேபிள் மூடுபவர்களிடம் பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மோட்டாரை ஓட விட்டுச் சத்தம் கேட்காமல் வாங்காதீர்கள். இல்லாவிட்டால் ஞாயிறு சும்மா கிடக்கும் டேபிள் ஒன்றை மணிக்கணக்கு வாடகைக்குப் பேசுங்கள். கரன்ட் காசும் ஊசி, நூல் செலவும் எங்களுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஒத்துக்கொள்வார்கள். மெக்கானிக்கை மட்டும் அன்றைக்கு வரச் சொல்லி ஒரு தொகை கொடுங்கள். எட்டுப் பேர் பழகும் மெஷினில் லூப்பர் டைமிங் வகுப்பு முடிவதற்குள் கலைந்துவிடும்.